ஷெரிஃப் இல்லாத சிறை: ஃபோர்சைத் கவுண்டித் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம்.

அட்லாண்டாவுக்கு வடக்கே, 400 நெடுஞ்சாலையின் இரு பக்கமும் வீடு வாங்கிக் குடியேறி, கவுண்டி என்ற இடத்தில் ஃபோர்சைத் என்று எழுதுகிற தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் கடிதம். நானும் உங்களில் ஒருவன். இங்கேதான் வீட்டு வரி கட்டுகிறேன், இங்கேதான் ஓட்டுப் போடுகிறேன்.

புதிதாக யாராவது இங்கே வீடு பார்க்க வந்தால் நாம் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: பள்ளிகள் நன்றாக இருக்கும், பாதுகாப்பான இடம். உண்மைதான். 2020 கணக்கெடுப்பின்படி இந்தக் கவுண்டியில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் வாழ்கிறோம். அதில் ஏறத்தாழ 18 சதவீதம் ஆசியர்கள். கறுப்பின மக்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு. ஜார்ஜியா மாநிலத்தில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் கறுப்பினத்தவர். அப்படியிருக்க இந்தக் கவுண்டியில் மட்டும் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டால், "அவர்கள் இந்தப் பக்கம் அவ்வளவாக வருவதில்லை" என்று நம்மில் பலர் சாதாரணமாகச் சொல்கிறோம். அவர்கள் இங்கே இருந்தவர்கள். 1910 கணக்கெடுப்பில் 1,098 பேர். 1912 இலையுதிர் காலத்தில், சில வாரங்களுக்குள், ஏறக்குறைய அத்தனை பேரையும் விரட்டினார்கள். நமக்குப் பாதுகாப்புத் தருகிற, கவுண்டிச் சிறையையும் நடத்துகிற அதே ஷெரிஃப் அலுவலகம் அப்போதும் இருந்தது. அது என்ன செய்தது, எதைச் செய்யாமல் விட்டது என்பதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

1912 செப்டம்பர் தொடக்கத்தில், பிக் க்ரீக் பகுதியில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கறுப்பின ஆண் ஒருவர் தன்னைத் தாக்கினார் என்று புகார் சொன்னார். சந்தேகத்தின் பேரில் கறுப்பின இளைஞர்கள் சிலரைப் பிடித்து அடைத்தார்கள். க்ராண்ட் ஸ்மித் என்ற கறுப்பினப் போதகர் அது பற்றி ஏதோ பேசிவிட்டார் என்பதற்காக, கவுண்டியின் தலைநகரான கம்மிங்கில் நீதிமன்ற வாசலிலேயே அவரைச் சாட்டையால் அடித்துத் துவைத்தார்கள். அவரை மீட்டு நீதிமன்றக் கட்டிடத்துக்குள் பூட்டி வைத்துத்தான் உயிரைக் காப்பாற்ற முடிந்தது. ஆளுநர் ஜோசப் பிரவுன் மாநிலப் படையை அனுப்பினார். கைதிகளை வேறு ஊருக்கு மாற்றினார்கள்.

அடுத்த சில நாட்களுக்குள் ஆஸ்கார்வில் அருகே காட்டுக்குள் மே க்ரோ என்ற 18 வயது வெள்ளைக்காரப் பெண் குற்றுயிராகக் கிடந்தாள். இரண்டு வாரம் உயிருக்குப் போராடி இறந்துபோனாள். அவளுக்கு நடந்தது பெருங்கொடுமை. யார் செய்தது என்று ஒழுங்காகத் துப்புத் துலக்கி, நேர்மையாக விசாரித்திருக்க வேண்டும். அது அவளுக்கும் கிடைக்கவில்லை. எர்னஸ்ட் நாக்ஸ் என்ற 16 வயதுக் கறுப்பினப் பையனின் கழுத்தில் கயிற்றைப் போட்டு மிரட்டி வாக்குமூலம் வாங்கினார்கள். வழக்கின் அடித்தளம் அதுதான்.

அதே வழக்கில் செப்டம்பர் 10 அன்று ராப் எட்வர்ட்ஸ் என்ற 24 வயதுக் கறுப்பின இளைஞரைப் பிடித்துவந்து கம்மிங் சிறையில் அடைத்தார்கள். ஊர் முழுக்கச் செய்தி பரவிவிட்டது, கூட்டம் திரண்டுகொண்டிருந்தது. ஷெரிஃப் பில் ரீட் என்ன செய்தார் தெரியுமா? தன் துணை ஷெரிஃப் கே லம்மஸிடம் சிறையை ஒப்படைத்துவிட்டு அங்கிருந்து போய்விட்டார். சிறைக்கு வெளியே பெருங்கூட்டம், உள்ளே ஒரே ஒரு துணை ஷெரிஃப். கூட்டம் கதவை உடைத்துக்கொண்டு நுழைந்தது. எட்வர்ட்ஸைக் கொன்று, சடலத்தை ஊர்ச் சதுக்கத்தைச் சுற்றி இழுத்துப் போய்த் தொலைபேசிக் கம்பத்தில் தொங்கவிட்டார்கள். ஒருவர் மீதும் வழக்கு இல்லை. முகமூடி போட்டுக்கொண்டு செய்த வேலை இல்லை இது. பட்டப் பெயரோடு ஒருவரையொருவர் தெரிந்த சின்ன ஊர் அது. யார் யார் என்று ஷெரிஃபுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

ரீட் அன்றைக்குத் துப்பாக்கி எடுக்கவில்லை, கயிற்றைத் தொடவில்லை. விலகி நின்றார், அவ்வளவுதான். ஆனால் ஒரு ஷெரிஃபின் முதல் கடமையே தன் சிறையில் இருக்கிற ஆளை உயிரோடு நீதிபதியிடம் கொண்டுபோய் நிறுத்துவதுதான். குற்றவாளியோ நிரபராதியோ, அந்தக் கதவு மூடிய பிறகு அந்த உயிருக்குப் பொறுப்பு ஷெரிஃப். அதை அவர் கைவிட்டபோது ஊரில் இருந்த ஒவ்வொரு வெள்ளைக்காரருக்கும் ஒரு செய்தி போய்ச் சேர்ந்தது: இனி எது செய்தாலும் கேட்பார் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அந்தச் செய்தியின் விளைவு. எர்னஸ்ட் நாக்ஸையும், அதே வழக்கில் பிடிபட்ட பதின்வயது ஆஸ்கார் டேனியலையும் அக்டோபர் 3 அன்று படை வீரர்கள் காவலோடு கூட்டிவந்து, வெள்ளைக்காரர்கள் மட்டுமே இருந்த ஜூரியின் முன் நிறுத்தி, ஒரே நாளில் இருவரையும் குற்றவாளிகளாக்கி, மறுநாள் மரண தண்டனை விதித்தார்கள். அக்டோபர் 25 அன்று தூக்கு. பொதுமக்கள் பார்க்கக் கூடாது என்று தூக்குமரத்தைச் சுற்றி வேலி கட்டச் சொல்லியிருந்தார் நீதிபதி. முந்தின இரவு வேலியை எரித்துவிட்டார்கள். மறுநாள் ஆயிரக்கணக்கானவர்கள் திருவிழா போல வந்து உட்கார்ந்து பார்த்தார்கள். தூக்கை நிறைவேற்றியவர் ஷெரிஃப் ரீட். எட்வர்ட்ஸ் கொல்லப்பட்டபோது காணாமல் போனவர், இந்தச் சிறுவர்களைத் தூக்கிலிடும்போது முன்னால் நின்றார். பின்னாளில் அவர் கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பிலும் சேர்ந்துகொண்டார்.

இதற்கிடையே இரவு இரவாகக் குதிரைகளில் கும்பல்கள் கிளம்பின. கறுப்பினக் குடும்பங்களின் வீடுகளை நோக்கிச் சுட்டார்கள், கல்லெறிந்தார்கள், கெடு வைத்தார்கள், தேவாலயங்களைக் கொளுத்தினார்கள். மாட்டையும் விளைந்து நின்ற பருத்தியையும் விட்டுவிட்டு ஜனங்கள் கிளம்பினார்கள். சொந்த நிலம் வைத்திருந்தவர்களில் சிலர் வந்த விலைக்கு விற்றார்கள். சிலருக்கு விற்கவும் நேரம் இல்லை, நிலம் யார் யார் கைக்கோ போனது. அக்டோபர் முடிவதற்குள் 1,098 பேரில் ஏறக்குறைய எல்லோரும் போய்விட்டார்கள். நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது இருவருக்கு மட்டுமே. விரட்டப்பட்டதோ ஒரு கவுண்டியின் கறுப்பினச் சமூகம் முழுவதும், கைக்குழந்தையிலிருந்து கிழவி வரை.

அந்தக் காலத்தில் எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. பக்கத்து ஹால் கவுண்டியிலும் அதே மாதம் இதே மாதிரிக் கும்பல்கள் கிளம்பின. அங்கே சிலரைக் கைது செய்தார்கள். அந்தக் கவுண்டியின் கெயின்ஸ்வில் நகரில் கறுப்பினச் சமூகம் நிலைத்து நின்றது, இன்றைக்கும் இருக்கிறது. இரண்டு கவுண்டிக்கும் நடுவில் இருந்தது ஒரு ஆறு. இனவெறி இரு கரையிலும் ஒன்றுதான். சட்டத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதில்தான் வித்தியாசம் வந்தது.

லேக் லேனியர் பற்றி ஒரு வார்த்தை. கோடை வந்தால் நாம் குடும்பத்தோடு போகிற ஏரி. அங்கே பேய் இருக்கிறது, கறுப்பின ஊர் ஒன்றைத் தண்ணீரில் மூழ்கடித்தார்கள் என்று நம் வாட்ஸ்அப் குழுக்களில் வீடியோக்கள் சுற்றுகின்றன. புஃபோர்ட் அணை கட்டி ஏரி நிரம்பியது 1950களில். ஆஸ்கார்வில்லின் கறுப்பின மக்களை அதற்கு நாற்பது ஆண்டுக்கு முன்பே விரட்டிவிட்டார்கள். அவர்கள் இல்லாமல் போன நிலத்தின் மேல்தான் தண்ணீர் வந்தது. பேய்க் கதையாகச் சொல்லும்போது இதைச் செய்த மனிதர்கள் கதையிலிருந்து மறைந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அந்த வீடியோக்களைப் பிள்ளைகளுக்கு அனுப்பாதீர்கள்; நடந்ததைச் சொல்லுங்கள்.

அப்புறம் எழுபத்தைந்து ஆண்டுகள் இந்தக் கவுண்டி வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் என்ற எழுதாத சட்டம் நீடித்தது. 1980இல் கூட, ஏரிக்கரைக்குச் சுற்றுலா வந்த அட்லாண்டாவைச் சேர்ந்த ஒரு கறுப்பினத் தீயணைப்பு வீரரைச் சுட்டார்கள், அவர் பிழைத்துக்கொண்டார். 1987 ஜனவரி 17 அன்று, மார்ட்டின் லூதர் கிங்கோடு கறுப்பின உரிமை இயக்கத்தில் இருந்த ஹோசியா வில்லியம்ஸ் ஒரு சின்னக் குழுவோடு இங்கே ஊர்வலம் வந்தார். நூற்றுக்கணக்கானவர்கள் கல்லும் பாட்டிலும் வீசி ஊர்வலத்தை நிறுத்த வைத்தார்கள். அடுத்த வாரமே, ஜனவரி 24 அன்று, ஏறத்தாழ 20,000 பேர் திரும்பி வந்து நடந்தார்கள். கிங்கின் மனைவி கொரெட்டா ஸ்காட் கிங் வந்தார், அதே இயக்கத்தின் தலைவர்களில் ஒருவரான ஜான் லூயிஸ் வந்தார். தேசியக் காவல்படையும் போலீசும் சாலை நெடுக அணிவகுத்து நின்றன. காக்க வேண்டும் என்று அரசு மனம் வைத்தபோது காக்க முடிந்தது.

ஷெரிஃப் விலகிக்கொள்வது இங்கே மட்டும் நடந்ததும் இல்லை. நம்மில் பலர் நீண்ட வார இறுதிக்குப் பக்கத்து டென்னசி மாநிலத்தின் சாட்டனூகா போகிறோம். ரூபி அருவி பார்த்துவிட்டு, டென்னசி ஆற்றின் மேல் உள்ள வால்நட் தெருப் பாலத்தில் மாலையில் நடக்கிறோம். 1906 மார்ச் 19 இரவு, அந்தப் பாலத்தில் எட் ஜான்சன் என்ற கறுப்பின இளைஞரைத் தூக்கில் போட்டார்கள். அவர் மீதான மரண தண்டனைத் தீர்ப்பு நியாயமற்றது என்று நோவா பார்டன், ஸ்டைல்ஸ் ஹட்சின்ஸ் என்ற இரு கறுப்பின வழக்கறிஞர்கள் வழக்கை வாஷிங்டன் வரை கொண்டுபோனார்கள். தண்டனையை நிறுத்தி வைக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. அந்த உத்தரவு வந்த அன்றிரவு சிறையில் இருந்தது ஒரே ஒரு காவலர். மற்றவர்களுக்கு ஷெரிஃப் ஜோசஃப் ஷிப் விடுப்புக் கொடுத்துவிட்டார். நடுவில் சிறைக்கு வந்தவர், கூட்டத்தைத் தடுக்க உருப்படியாக எதுவும் செய்யவில்லை. அடுத்து வந்த தேர்தலில் அமோகமாக ஜெயித்தும்விட்டார். "கடவுள் உங்கள் எல்லோரையும் ஆசீர்வதிக்கட்டும், நான் நிரபராதி" என்று எட் ஜான்சன் கடைசியாகச் சொன்னது அவர் கல்லறையில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

உச்ச நீதிமன்றம் இதை விடவில்லை. தன் வரலாற்றிலேயே ஒரே ஒரு முறை, தானே குற்ற விசாரணை நீதிமன்றமாக அமர்ந்து, ஷிப்பையும் இன்னும் ஐவரையும் நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளிகள் என்று 1909இல் தீர்ப்புச் சொன்னது. ஷிப்புக்குத் தொண்ணூறு நாள் சிறை. தண்டனை முடிந்து ஊர் திரும்பியவரை ஆயிரக்கணக்கானவர்கள் திரண்டு வரவேற்றார்கள். எட் ஜான்சன் மீதான தீர்ப்பை உள்ளூர் நீதிமன்றம் 2000இல்தான் ரத்து செய்தது. பாலத்தின் தென்முனையில் இப்போது அவருக்கு நினைவிடம் இருக்கிறது. அடுத்த முறை போனால் அங்கே நின்று படியுங்கள். பார்டனுக்கும் ஹட்சின்ஸுக்கும் சிலை உண்டு.

பதவி போகும் என்ற பயம் வந்தால் ஷெரிஃப்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதற்கும் வரலாற்றில் சான்று உண்டு. என்னை மிகவும் பாதித்த பகுதி இது. இலினாய் மாநிலத்தில் 1905இல் ஒரு சட்டம் வந்தது: காவலில் இருக்கும் கைதியைக் கும்பலிடம் பறிகொடுத்தால் அந்த ஷெரிஃபின் பதவி போகும். அந்த மாநிலத்தின் தென்கோடியில் உள்ள கெய்ரோ என்ற ஊரில் 1909 நவம்பரில் வில் ஜேம்ஸ் என்ற கறுப்பினத்தவரை ஷெரிஃபின் காவலிலிருந்து பறித்துக் கும்பல் கொன்றது. ஷெரிஃப் ஃபிராங்க் டேவிஸை ஆளுநர் பதவிநீக்கம் செய்தார். டேவிஸ் பதவியைத் திரும்பக் கேட்டு மனுப் போட்டார். ஊரில் பெரிய மனிதர்கள் எல்லாம் அவர் பக்கம். அவருக்கு எதிராக வாதாட யாரும் இல்லாத நிலையில், ஐடா பி. வெல்ஸ் என்ற கறுப்பினப் பத்திரிகையாளர் சிகாகோவிலிருந்து கிளம்பிப் போய், ஊருக்குள் விசாரித்து ஆதாரம் திரட்டி, ஆளுநர் முன் நின்று வாதாடினார். அவர் வழக்கறிஞர் இல்லை. டேவிஸுக்குப் பதவி திரும்பக் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் அதே கெய்ரோ சிறையை இன்னொரு கும்பல் சூழ்ந்தபோது, புதிய ஷெரிஃபின் ஆட்கள் எதிர்த்து நின்று கைதியைக் காப்பாற்றினார்கள். ஊரும் சிறையும் அவைதான். தவறினால் வேலை போகும் என்ற ஒன்று மட்டும் மாறியிருந்தது.

இதையே நாடு முழுமைக்கும் சட்டமாக்க 1922இல் டையர் மசோதா வாக்கெடுப்புக்கு வந்தது. கைதியைக் காக்கத் தவறும் அதிகாரிக்கும் சிறைத் தண்டனை உண்டு என்று அதில் இருந்தது. கீழவையில் நிறைவேறியது, செனட்டில் தெற்கு மாநில உறுப்பினர்கள் பேசிப் பேசியே கொன்றார்கள். கடைசியில் கும்பல் கொலைக்கு எதிரான கூட்டாட்சிச் சட்டம், அப்படிக் கொல்லப்பட்ட கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில் பெயரில், 2022 மார்ச்சில்தான் வந்தது.

நாம் 1912இல் இங்கே இல்லை, நம் தாத்தாக்கள் அப்போது தமிழ்நாட்டில் இருந்தார்கள், இதில் நமக்கென்ன என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்விதான். இதற்காகக் குற்ற உணர்ச்சியோடு வாழச் சொல்லவில்லை. ஆனால் நாம் இந்த நாட்டுக்கு வர முடிந்ததே 1965இன் குடியேற்றச் சட்டத்தால். ஆசியர்களை வாசலிலேயே நிறுத்திய பழைய ஒதுக்கீட்டு முறையை அது நீக்கியது. அதே ஆண்டு மார்ச்சில், கறுப்பினத்தவருக்கு வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போய், அலபாமா மாநிலத்தின் செல்மா பாலத்தில் ஷெரிஃப் ஜிம் கிளார்க்கின் ஆட்களிடமும் மாநிலப் போலீசிடமும் அடி வாங்கியவர்கள் ஏற்படுத்திய அலையில்தான் அது நிறைவேறியது. இந்தக் கவுண்டியில் நாம் வீடு வாங்க முடிந்ததும் 1987இல் கல்லடிக்கு நடுவே நடந்தவர்களால். அவர்கள் திறந்து வைத்த வழியில் நடந்து வந்துவிட்டு, அவர்கள் கதை நமக்குச் சம்பந்தமில்லாதது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வேறு ஒரு பயமும் நம்மிடம் இருக்கிறது. அதைப் பலர் வெளியே சொல்வதில்லை. வந்த இடத்தில் வம்பு வேண்டாம், போலீஸ் நம்மிடம் மரியாதையாகத்தான் நடக்கிறார்கள், அவர்களைச் சங்கடப்படுத்துவானேன்? எனக்கும் இங்குள்ள காவலர்களிடம் நல்ல அனுபவமே உண்டு. இந்த அலுவலகத்தின் பழைய கணக்கைப் பேசுவது இன்றைய காவலர்களைத் திட்டுவது ஆகாது. ஜார்ஜியாவிலேயே அதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. அட்லாண்டாவுக்குத் தென்மேற்கே லாக்ரேஞ்ச் என்ற ஊர். 1940 செப்டம்பரில் ஆஸ்டின் காலவே என்ற கறுப்பினப் பையனை ஆயுதம் தாங்கிய ஆறு வெள்ளைக்காரர்கள் சிறையிலிருந்து தூக்கிப் போய்ச் சுட்டுச் சாலையோரம் போட்டுவிட்டுப் போனார்கள். போலீஸ் விசாரிக்கக்கூட இல்லை. பல ஆண்டுகள் கழித்து, காவல் நிலையத்தில் மாட்டியிருந்த பழைய போலீஸ் படங்களைப் பார்த்த கறுப்பின மூதாட்டி ஒருவர், நம் ஜனங்களைக் கொன்றவர்கள் இவர்கள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாராம். அது காவல் தலைவர் லூயிஸ் டெக்மார் காதுக்கு எட்டியது. அவர் விசாரிக்க ஆரம்பித்தார். 2017 ஜனவரி 26 அன்று, கறுப்பினத் தேவாலயம் ஒன்றில் காலவேயின் உறவினர்கள் முன் நின்று, தன் துறை செய்ததற்காகவும் செய்யாமல் விட்டதற்காகவும் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அவர் வெள்ளைக்காரர். 1940இல் பிறந்திருக்கவும் இல்லை. சீருடை அதே சீருடை என்பதால் பொறுப்பும் தன்னுடையது என்று ஏற்றுக்கொண்டார்.

அப்படிப் பொறுப்பேற்கும் ஒரு அறிக்கைதான் நம் கவுண்டிக்கும் வேண்டும். பொத்தாம்பொதுவாக "கடந்த காலத்தில் வருந்தத்தக்க நிகழ்வுகள் நடந்தன" என்ற வாக்கியம் போதாது. ராப் எட்வர்ட்ஸ் இந்த அலுவலகத்தின் காவலில் இருந்தவர். அன்றைய ஷெரிஃப் அவரைக் கைவிட்டார். அடுத்த வாரங்களில் நடந்த தீவைப்புக்கும் துப்பாக்கிச்சூட்டுக்கும் யாரையும் பிடிக்கவில்லை என்று அந்த அலுவலகத்தின் பெயரில், ரீடின் பெயரைச் சொல்லி அறிக்கை வர வேண்டும். கே லம்மஸ் பெயரையும் சொல்லட்டும். தனியாக விடப்பட்டும் சிறையில் நின்றவர் அவர். புதிதாகச் சேரும் ஒவ்வொரு துணை ஷெரிஃபுக்கும் அவர் கதை தெரிந்திருப்பது நல்லது.

இதைக் கேட்க நமக்கு வழி இருக்கிறது. ஜார்ஜியாவில் ஷெரிஃப் தேர்ந்தெடுக்கப்படும் பதவி, நான்கு ஆண்டுக்கு ஒரு முறை. அடுத்த தேர்தல் 2028. நம் ஓட்டு இன்று இந்தக் கவுண்டியில் சின்ன எண்ணிக்கை இல்லை. பொங்கல் விழாவுக்கும் தீபாவளி விழாவுக்கும் ஓட்டுக் கேட்டு வேட்பாளர்கள் வந்தால், குற்றம் குறைந்திருக்கிறதா, பள்ளிகளுக்குக் காவல் இருக்கிறதா என்று வழக்கமாகக் கேட்பதோடு இதையும் கேளுங்கள்: 1912 பற்றி உங்கள் அலுவலகம் என்ன சொல்கிறது? லாக்ரேஞ்ச் காவல் தலைவர் செய்ததை நீங்கள் செய்வீர்களா? மரியாதையாகக் கேளுங்கள், மேடையிலேயே கேளுங்கள், பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் சங்கங்களை நடத்துகிறவர்கள் இந்தக் கேள்வியை எல்லா வேட்பாளர்களுக்கும் எழுத்தில் அனுப்பினால் இன்னும் நல்லது.

கம்மிங் நகர மையத்தில் ராப் எட்வர்ட்ஸ் பற்றிய நினைவுப் பலகை இருக்கிறது; சில ஆண்டுகளுக்கு முன் உள்ளூர்க்காரர்கள் முயற்சி எடுத்து வைத்தது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு சனிக்கிழமை போய் வாருங்கள். இன்னொன்று: விரட்டப்பட்ட குடும்பங்களின் வாரிசுகள் கல்லூரியில் படிக்க, இந்தக் கவுண்டியின் தேவாலயங்களைச் சேர்ந்தவர்கள் ஒரு உதவித்தொகை நடத்துகிறார்கள். படிப்புக்குப் பணம் கொடுப்பது நமக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயம் இல்லை. இந்த ஆண்டு நம் சங்க விழாவில் வசூலாகும் தொகையில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்க வேண்டும் என்று பொதுக்குழுவில் முன்மொழியப் போகிறேன். வழிமொழிய நீங்கள் வர வேண்டும்.

அன்புடன்,
ஃபோர்சைத் கவுண்டித் தமிழன் ஒருவன்